வளர்ற பையன்

தீபாவளித் துணியைத் தைக்கக் கொடுக்கும்போது அப்பா டெய்லரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: “வளர்ற பையன், கொஞ்சம் பார்த்துத் தைங்க.” திருவாரூர் கீழவீதியில் இருந்த அந்த டெய்லருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இஞ்சு டேப்பை என் மார்பைச் சுற்றிப் போட்டு, நடுவில் தன் நான்கு விரல்களையும் நுழைத்துக்கொண்டு அளவு சொல்வார். அந்த நான்கு விரல் கனத்துக்கு நான் வளர வேண்டும் என்று பொருள். காஜா பையன் திண்ணையில் உட்கார்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்ப்பான். அவன் போட்டிருந்த சட்டையும் அப்படித் தைத்ததாகத்தான் இருக்கும்.

வீட்டில் நாங்கள் மூன்று பையன்கள், மூவருக்கும் ஒரே துணியில் சட்டை. முதல் தீபாவளிக்குத் தோள் தையல் முழங்கைப் பக்கம் தொங்கும். அடுத்த தீபாவளிக்குள் பொத்தான்கள் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்துவிடும். அதற்கடுத்த வருடம் சட்டை தம்பிக்குப் போய் மறுபடி தொங்க ஆரம்பிக்கும். நடுவில் அந்தச் சட்டை எனக்குக் கச்சிதமாக இருந்த நாள் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். மாசி பங்குனி வாக்கில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. அதை யாரும் கவனிக்கவில்லை.

1991 வைகாசியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் கோட்டு சூட்டு இல்லாமல் முடியாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். வெயிலில் தார் உருகும் மாதத்தில், திறந்த காரில், நாதஸ்வரத்துக்குப் பின்னால், கழுத்தில் மாலையும் உடம்பில் கம்பளித் துணியுமாக ஒருவனை ஊர்வலம் விடுவதன் தாத்பரியம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. வெள்ளைக்காரன் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, மாப்பிள்ளைக்கு மட்டும் சுதந்திரம் கிடைக்கவில்லை. அதே கீழவீதி டெய்லர்தான் தைத்தார். அதுவரை அவர் தைத்திருந்த கோட்டெல்லாம் வக்கீல் கோட்டு. அப்பா கூடவே வந்திருந்தார். “கல்யாணத்துக்கு அப்புறம் உடம்பு வைப்பான். கொஞ்சம் பார்த்துத் தைங்க.”

அந்தப் பழுப்பு நிறக் கோட்டோடுதான் 1994-இல் ஹாங்காங் போய் இறங்கினேன். அப்போது லாண்டாவ் தீவை ஒட்டிக் கடலைத் தூர்த்துப் புது விமான நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போகும் சாலைக்கும் ரயிலுக்குமாக 1,377 மீட்டர் நடுத்தாவு உள்ள சிங் மா தொங்குபாலம் எழும்பிக்கொண்டிருந்தது. உலகத்தின் சிவில் என்ஜினியர்களில் பாதிப் பேர் அந்த ஊரில்தான் இருக்கிறார்களோ என்று தோன்றும். நான் அதே சாலையின் வேறொரு துண்டில் வேலை பார்த்தேன். சைட்டில் ஹெல்மெட்டும் பூட்ஸும் போதும், கோட்டுக்கு வேலை இல்லை. 1996-இல் தொழில்முறைப் பொறியாளர் தகுதிக்கான நேர்காணல் கடிதம் வந்தது. பெட்டியிலிருந்து பழுப்புக் கோட்டை எடுத்து ஒருநாள் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனேன். முன்பக்கம் வைத்திருந்த பக்ரம் காலண்டர் அட்டை மாதிரி விறைத்து நின்றது. தோள்களில் ஆளுக்கொரு தலையணை. என் மேலதிகாரி ஸ்காட்லாந்துக்காரர், மிகவும் மரியாதையானவர். சற்று நேரம் பார்த்துவிட்டு, “நேர்காணலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது அல்லவா?” என்று மட்டும் கேட்டார்.

ஹாங்காங்கில் கோட்டு தைப்பது கடினமான காரியம் இல்லை, தைக்காமல் நாதன் ரோட்டில் நடப்பதுதான் கடினம். சிம் ஷா சுய் பகுதியில் பத்தடிக்கு ஒருவர் எதிரே வந்து கையில் அட்டையைத் திணிப்பார். “சார், சூட்? டுவென்டி ஃபோர் அவர்ஸ், சார்.” இன்று அளவு கொடுத்தால் நாளை கோட்டு, இரண்டு சட்டை இனாம், ஒரு டை இனாம். எங்கள் ஆபீசில் இங்கிலாந்துப் பையன் ஒருவன் அப்படி ஒன்று வாங்கி வந்து ஒரு மாதம் மிடுக்காகத் திரிந்தான். மழைக்காலம் வந்தது. ஹாங்காங் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும், அலமாரிக்குள் தோல் செருப்பு பூஞ்சை பிடிக்கும். அவன் கோட்டின் மார்பு மடிப்பில் அம்மை போட்டதுபோல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பின.

அதற்குக் காரணம் எனக்கு அப்போது தெரியாது. பாய்தான் சொன்னார்.

பாய் காயல்பட்டினத்துக்காரர், ரத்தினக்கல் வியாபாரம். காயல்பட்டினத்து ஆட்கள் ஹாங்காங்கில் கல் வியாபாரத்துக்கு வந்து பல காலமாகிறது. கவுலூன் மசூதிக்குப் பக்கத்தில் நின்றால் சுத்தமான தென்பாண்டித் தமிழ் காதில் விழும். தமிழர்கள் கூடும் பொங்கல் விழா ஒன்றில் பழக்கமானார். நான் ‘பாய்’ என்றதும், “எங்க ஊர்ல மூத்தவங்கள காக்கான்னுதான் சொல்றது தம்பி, பாய் எல்லாம் ஒங்க பக்கம்” என்று திருத்தினார். எனக்கு வாயில் பாய்தான் வந்தது, அவரும் விட்டுவிட்டார். கல்லைக் கண்ணில் வைத்துக் குறை பார்க்கிற மனிதர். கோட்டு மார்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிக் காட்டினார்.

“நல்ல கோட்டுல மூணு துணி இருக்கும். வெளியில ஒண்ணு, உள்ளுக்கு ஒண்ணு, நடுவுல கேன்வாஸ். குதிரை முடி கலந்து நெஞ்ச துணி. அதைக் கையால தைச்சு நிறுத்தியிருப்பான், ஒட்டமாட்டான். கிள்ளினா நடுத்துணி தனியா வழுக்கணும். அவசரக் கோட்டுல நடுத்துணியப் பசை வெச்சு அயர்ன் பண்ணி ஒட்டிருவான். கிள்ளினா ரெண்டுதான் தெரியும். ஈரத்துல பசை விட்டுச்சுன்னா கொப்புளம்.”

24 மணி நேரக் கோட்டை ஏன் தைக்கிறார்கள் என்று கேட்டேன். “நாளைக்கு பிளேன் ஏறப் போறவனுக்கு அது. ஒனக்கு என்ன தம்பி அவசரம்?”

அவர் கூட்டிப்போன கடை தெருவில் இல்லை. ஒரு பழைய கட்டடத்தின் மாடி. கீழே கேமரா கடை, பக்கத்தில் பணம் மாற்றும் கூண்டு, லிப்ட்டில் நான்கு பேர் நின்றால் ஐந்தாமவர் படியில் வர வேண்டும். கடைக்காரர் சிந்திக்காரர். எங்கள் ஊர்க் கணக்கில் வடக்கே இருந்து வந்து கல்லாவில் உட்கார்ந்தவர் எல்லாம் சேட்டுதான், ஆகவே இவரும் சேட். என்னைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் நான் படிக்காத இந்தி அன்றைக்குத்தான் முதன்முறையாக எனக்குத் தேவைப்பட்டது. “மதராஸி?” என்று சிரித்துவிட்டு இங்கிலீஷுக்கு மாறினார். பாயோடு மட்டும் உருது கலந்த ஏதோ ஒன்றில் பேசிக்கொண்டார். உள்ளே திரை மறைவில் கட்டிங் மாஸ்டர். அவர் சீனர், அதுவும் ஹாங்காங் சீனர் இல்லை, ஷாங்காய்க்காரர். கேன்டனீஸ் அவருக்கு அரைகுறை, இங்கிலீஷ் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆக, என் உடம்பைப் பற்றி அந்தக் கடையில் பேசப்பட்டதெல்லாம் இரண்டு மொழி தாண்டித்தான் எனக்கு வந்தது.

இப்படி ஒரு ஜோடி அந்த ஊரில் அதிசயம் இல்லை. சிந்தி வியாபாரிகள் வெள்ளைக்காரன் காலத்திலேயே துறைமுகம் துறைமுகமாகக் கடை போட்டவர்கள். 1947-இல் சிந்து பாகிஸ்தானுக்குப் போனபின் திரும்பிப் போக ஊர் இல்லாமல் இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். ஷாங்காயில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோட்டு தைத்துக் கை பழகிய நிங்போ பக்கத்துத் தையற்காரர்களை ‘செங்கூட்டம்’ என்று சொல்வார்கள். செம்பட்டை முடிக்காரனுக்குத் தைத்ததால் வந்த பெயர் என்பார்கள். 1949-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் அவர்களிலும் பலர் கத்தரிக்கோலோடு ஹாங்காங் வந்துவிட்டார்கள். ஒருவருக்குப் பேச்சும் கணக்கும் வரும், மற்றவருக்குக் கத்தரி வரும். நடுவில் வாடிக்கைக்குப் பிரிட்டிஷ் பட்டாளம் இருந்தது. பிறகு வியட்நாம் யுத்தத்தில் ஐந்து நாள் விடுமுறைக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள். 24 மணி நேரக் கோட்டுக்கு மவுசு ஏறியது அவர்களால்தான். நான் போன 1996-இல் சேட்டுக்கு ஒரே கவலை, அடுத்த ஜூன் 30-ஓடு ஊரைச் சீனாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டாளம் போகிறது. “சீனாக்காரன் கோட்டு தைப்பானா?” என்று பாயிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

துணி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. எனக்குக் கறுப்பு வேண்டும் என்றேன். சேட் தலையை ஆட்டினார், கறுப்பு சாவு வீட்டுக்கும் ஹோட்டல் சர்வருக்கும்தான் என்றார். எங்கள் ஊரில் கறுப்புக் கோட்டு போட்டவர் ஒன்று வக்கீல், இல்லையென்றால் டி.டி.இ. டிக்கெட் கேட்கப் போகிறவன் மாதிரி நேர்காணலுக்குப் போவானேன் என்று எனக்கும் பட்டது. கருஞ்சாம்பல் நிறத்துக்கு வந்து நின்றோம். துணியின் கரையில் மேட் இன் இங்கிலாந்து என்று நெய்திருந்தது, ஹடர்ஸ்ஃபீல்டு மில் துணி. கரையில் எதை வேண்டுமானாலும் நெய்யலாமே என்று பாய் முகத்தைச் சுளித்தார். சேட் கோபப்படவில்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவி லைட்டரைக் காட்டினார். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. சாம்பலை விரலில் தேய்த்தார், பொடியானது. பிறகு தன் சட்டையிலிருந்தே ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்தினார். அது உருகிக் கடுகு மாதிரி உருண்டையாகி விரலில் சுட்டது. “இது பாலியஸ்டர். எனக்கு இது போதும்” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

விலை 3,200 டாலர். அன்றைக்கு ஒரு ஹாங்காங் டாலர் நாலரை ரூபாய். மனசு தன்பாட்டுக்குப் பெருக்கி 14,400 என்று சொன்னது. அப்பா ஓய்வு பெறும்போது வாங்கிய மாதச் சம்பளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஊருக்குக் கடிதம் எழுதும்போது பெருக்காமல் டாலரிலேயே எழுதினேன், அதுவும் ஆயிரத்தை விட்டுவிட்டு.

மாஸ்டர் வெளியே வந்தார். எழுபதைத் தொட்ட வயது, குச்சி மாதிரி உடம்பு, வெள்ளை பனியன். உடனே டேப்பை எடுக்கவில்லை. கருவியை நிறுத்துவதற்கு முன் சர்வேயர் நிலத்தை ஒரு சுற்று நடந்து பார்ப்பாரே, அதுபோல என்னை ஒரு சுற்று வந்தார். பின்பக்கம் போய் வெகுநேரம் நின்றார். அப்புறம்தான் டேப். கழுத்து, முதுகு, தோள் முனையிலிருந்து மணிக்கட்டு, கைக்குழிச் சுற்றளவு. இரண்டு கையையும் தனித்தனியாக அளந்தார், இரண்டு தோளையும் தனித்தனியாக. அவர் சொல்லச் சொல்லச் சேட் எழுதிக்கொண்டார். நடுவில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

“வலது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கிறதாம்.”

முப்பத்து நான்கு வயதுவரை இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கு லேசாகக் கோபம்கூட வந்தது. கல்லூரியில் தியோடலைட் முக்காலியைத் தோளில் சுமந்து வயல் வயலாகத் திரிந்தது, அதற்கு முன் பள்ளிக்கூடப் பை, அதற்கும் முன் கமலாலயக் குளக்கரையிலிருந்து வீட்டுக்குத் தூக்கிய தண்ணீர்க் குடம் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டேன். மாஸ்டருக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை. அரை இஞ்சு என்று எழுதச் சொல்லிவிட்டு இடுப்புக்கு வந்துவிட்டார்.

இடுப்பில்தான் சிக்கல். டேப் வந்ததும் நான் அனிச்சையாக வயிற்றை எக்கினேன். மாஸ்டர் அளவு சொல்லவில்லை. டேப்பைப் பிடித்தபடி, வாயில் இரண்டு குண்டூசியோடு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியும்? விட்டேன். அப்போது சொன்னார் எண்ணை. சேட் எழுதிக்கொண்டார். பாய் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து முதல் டிரையல். கோட்டு கோட்டாக இல்லை, வெள்ளை நூலோட்டி ஒப்புக்குப் பிடித்துவைத்த துண்டுகளாக இருந்தது. ஒரு கைதான் வைத்திருந்தார்கள். போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன், பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து முடிப்பதற்குள் மாஸ்டர் அந்தக் கையைத் தோள் முனையில் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்துவிட்டார். நூல் தெறிக்கும் சத்தத்துக்கு நான் பதறிப்போனேன். 3,200 டாலரில் பாதி முன்பணமாகக் கொடுத்தாயிற்றே. சேட் சாவதானமாகச் சமோசா தின்றுகொண்டிருந்தார். “அது கிழிக்கத்தான் தைத்தது” என்றார். கையை அரை விரல் முன்னால் திருப்பி மறுபடி குத்தினார் மாஸ்டர். நான் நிற்கும்போது என் கைகள் சற்று முன்பக்கமாகத் தொங்குகின்றனவாம். சாக்கால் கோடுகள் போட்டார், வலது தோளுக்குள் ஒரு சின்ன அடுக்குப் பஞ்சு வைத்து மேலே தட்டினார். கண்ணாடியில் என் இரண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வந்தன. ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்திருந்தால் குமிழி நடுவில் நின்றிருக்கும்.

இரண்டாவது டிரையலில் சொல்ல ஒன்றும் இல்லை, காலர் கழுத்தில் ஒட்டி நின்றது, அவ்வளவுதான். ஆனால் கோட்டில் கடினமான இடம் அதுதானாம். தலையைத் திருப்பும்போது காலரும் சட்டையும் பிரிந்து இடைவெளி தெரிந்தால் அது தையற்காரன் தோற்ற இடம் என்றார் சேட். அன்றிலிருந்து தொலைக்காட்சியில் மந்திரிகள் பேசினால் நான் பேச்சைக் கேட்பதில்லை, கழுத்தின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் இடைவெளி இருக்கிறது.

கோட்டை வாங்கப் போன அன்று மாஸ்டர் முழுக்கோட்டையும் போட்டுப் பார்த்தார். கீழ்ப் பொத்தானை நான் மாட்டப் போனபோது கையைத் தட்டிவிட்டார், அது மாட்டுவதற்கு இல்லையாம். பிறகு ஏன் வைக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பின்பக்கப் பிளவில் குறுக்காகப் போட்டிருந்த தையலைத் தன் கையாலேயே வெட்டி எடுத்தார். அந்தத் தையலை வெட்டாமலேயே வருடக்கணக்கில் கோட்டு போடுகிற ஆட்கள் நம் ஊரில் உண்டு. கைமேல் தைத்த கம்பெனிச் சீட்டைக்கூடப் பிரிக்கமாட்டார்கள், விலை தெரிய வேண்டாமா?

கடைசியாகப் பேண்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி என்னிடம் காட்டினார். பின்பக்க நடுத்தையலில் இரண்டு பக்கமும் துணி ஒரு விரல் அகலத்துக்கு மேல் மடிந்து கிடந்தது. கோட்டின் பக்கத் தையலிலும் அப்படியே. ஏதோ சொன்னார். சேட் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

“இரண்டு இஞ்சு உள்ளே விட்டிருக்கிறாராம். நாற்பது வயதுக்கு மேல் உனக்கு வேண்டியிருக்குமாம்.”

இருபது நாளாக மூச்சை விடச் சொல்லி, உள்ளது உள்ளபடி அளந்த மனிதர். அவரும் கடைசியில் அப்பா பக்கம் சேர்ந்துவிட்டார். ஒரு வித்தியாசம், அப்பா சொன்ன துணி வெளியே தொங்கியது, இவர் விட்ட துணி வெளியே தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே கேன்டனீஸ் மரியாதைச் சொல் “ம்கோய்”. அதைச் சொன்னேன். அவருக்கும் அது அந்நிய மொழிதான். தலையசைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

நேர்காணலில் கோட்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கடலைத் தூர்த்த மண் எத்தனை காலத்தில் எவ்வளவு அமுங்கும் என்று முக்கால் மணி நேரம் கேட்டார்கள். ஏ.சி. அறை குளிர்ந்து கிடந்தது, எனக்குக் குளிரவில்லை. தேறிவிட்டேன்.

2004-இல், நாற்பத்திரண்டு வயதில், மாஸ்டர் சொன்னது நடந்தது. பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு அதே மாடிக்குப் போனேன். முந்தைய வருடம்தான் சார்ஸ் வந்து ஊரே முகமூடி போட்டுக்கொண்டு வெறிச்சோடிக் கிடந்தது. நெருக்கத்தில் நின்று கழுத்தையும் மார்பையும் அளக்க வேண்டிய தொழிலுக்கு அதைவிடக் கெட்ட வருடம் வேறு இல்லை என்றார் சேட். மாஸ்டர் இல்லை. கண் தெரியாமல் போய் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார். வேறொரு ஆள் தையலைப் பிரித்து ஒன்றரை இஞ்சு விட்டுக்கொடுத்தார். உள்ளே மடிந்திருந்த துணி எட்டு வருட வெளிச்சம் படாமல் சற்றே கருத்திருந்தது. ஒரு மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. அரை இஞ்சு இன்னும் பாக்கி.

2008-இல் ஊர் திரும்பினேன். இடையில் ஒருமுறை ஹாங்காங் போனபோது அந்த மாடியில் கடை இல்லை. சீனாவிலிருந்து தனியாகச் சுற்றுலா வர ஆட்களை அனுமதித்தபின் சிம் ஷா சுய்யில் வாடகை ஏறிய ஏற்றத்தில், கீழே இருந்த கேமரா கடையும் போய் மருந்துக் கடை ஆகியிருந்தது. பாயும் ஊருக்கு வந்துவிட்டார். போனில் பேசினால், “கோட்டு இருக்கா தம்பி?” என்று இன்றும் கேட்பார். இருக்கிறது, பாச்சை உருண்டை வாசத்தோடு அலமாரியில்.

இரண்டு வருடம் முன்பு மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் எல்லாம் இப்போது இல்லை, ரிசப்ஷன்தான். கோட்டு மட்டும் போகவில்லை. சென்னையில் ஒரு பெரிய கடைக்கு என்னையும் கூட்டிப்போனான். அளவு எடுக்க வேண்டியதில்லை, நாற்பது நாற்பத்திரண்டு என்று ஹேங்கரில் தொங்குகிறது. ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். மினுமினுப்பான நீலம். தோள் சரியாக உட்கார்ந்திருந்தது, அவனுக்கு இரண்டு தோளும் சமம். நான் கிட்டே போய் மார்பு மடிப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பார்த்தேன்.

“சார், கசங்கிடும்” என்றார் விற்பனைப் பையன்.

இரண்டு துணிதான் தட்டுப்பட்டது. மகன் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், அவனுக்குப் பிடித்திருந்தது. பில் போடச் சொன்னேன்.